முன்பணம் போக மீதி

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நான் கணக்கெழுதினேன். மிஷன் பள்ளியில் படித்தவன் என்பதால் முதலாளி பாய் என்னை நம்பினார். வேலூரில் மனைவியையும் இரண்டு வயது மகளையும் விட்டுவிட்டு, இங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவது அவருக்குத் தெரியாது.

குழந்தைக்கு மாதம் ஐந்து ரூபாய் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டிருந்தார். நான் கொடுக்கவில்லை. என் சம்பளத்தில் பிடித்துத் தரச் சொல்லி மனைவி முதலாளியிடமே வரப்போவதாக ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அன்றே, வீடு ஒழுகுகிறது என்று பாயிடம் சொல்லி, ஓராண்டுச் சம்பளத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டேன். எங்கள் தொழிலில் முன்பணம் வாங்கியவன் கையில் வாராவாரம் சாப்பாட்டுக் காசுதான் விழும். மீதி முன்பணத்தில் கழியும். அதில் வேறு யாரும் கைவைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழன் மாலையில் சம்பளம். அந்த நேரம் பார்த்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“பாய், இவரு சம்பளத்துல புடிச்சி என் கையில குடுத்துடுங்க. கோர்ட்டே சொல்லிடுச்சி.”

பாய் என்னைப் பார்த்தார். “இன்னாப்பா இது?”

“முன்பணம் தீரணுமே பாய்.”

பாய் அவளிடம், “மொத்தமும் வாங்கிட்டாம்மா. வூடு ஒழுவுதாம். இவனுக்கு மட்டும் வழக்கத்த மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க” என்றார்.

“எந்த வூடு பாய்? என் வூடா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “அவருக்குச் சோத்துக் காசு உண்டு. புள்ளைக்குக் கெடையாதா?”

பாய் அவளுக்கு, தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையை இடிக்கும் வேலை கொடுத்தார். ஆம்பூரில் வாடகைக்கு அறை பிடிக்க அவளும் முன்பணம் வாங்கினாள். நான்தான் எழுதினேன். அதன்பின் ஒவ்வொரு வியாழனும் அவள் பெயரைக் கூப்பிட்டு, கழித்தது போக மீதியைக் கொடுத்தேன். காசைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவள் முன்பணம் ஏறியது. என்னுடையது தீர்ந்தது. தீர்ந்ததும், அவள் மறுபடி கேட்பாள் என்று மறுபடி வாங்கினேன்.

மகள் சற்று வளர்ந்ததும் பட்டை அள்ள வந்தாள். அரைக் கூலி. முதல் வியாழனன்று பாய் என்னைத் தனியே அழைத்தார்.

“இவ அம்மா முன்பணத்த உன் பேர்ல மாத்திக்கயேன். இல்லன்னா இவ கூலி முழுசும் அதுல போயிடும். உன் பொண்ணு தானே?”

“வேணாம் பாய்” என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. அப்போது மனம் துடித்தது என்று இன்று எழுதினால் அது பொய். ஒன்றுமே தோன்றவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்து, மகள் பெயரைக் கூப்பிட்டேன். பட்டைத் தூள் படிந்த இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

“அம்மா கணக்குல கழிச்சாச்சு” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நீட்டிய கைகளோடு அப்படியே நின்றாள். அவள் அம்மா வந்து தோளைப் பிடித்து அழைத்துப் போனாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.