மோதிரத்தைத் திருகிய பிரெஞ்சுக்காரர்

மேகமலை தேயிலை எஸ்டேட் பங்களாவுக்கு என் ஜீப்பில் வந்த அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். கிளி மூக்கு, சாயம் போன சட்டை. சுண்டுவிரலில் குடும்ப முத்திரை பதித்த மோதிரம். பேசும்போதெல்லாம் அதைத் திருகிக்கொண்டே இருப்பார். நானூறு வருடங்களுக்கு முன்னால் இத்தாலியிலிருந்து பிரான்சுக்குப் போன குடும்பமாம். மூன்றாம் தலைமுறைக்குள் கோட்டை, நிலம், பிரபுப் பட்டம் எல்லாம் வந்துவிட்டதாம்.

எங்களுக்கு டீ கொண்டுவந்த அம்மா, வெளியூரிலிருந்து வந்து நான்கு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த குடும்பம். அவருக்கு அந்த மாதத்தோடு ஓய்வு. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். பிரெஞ்சுக்காரரின் கதையை நான் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்:

"இவுகளும் வெளியூருலருந்து போனவுகதான? இவுகள மட்டும் எப்பிடிய்யா சொந்த ஊர்க்காரவுகளா ஏத்துக்கிட்டாக? கேட்டுச் சொல்லுங்க."

அந்த அம்மாவின் கதையையும் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மோதிரத்தைத் திருகினார்.

"என் முன்னோர்கள் அரசனுக்குக் கடன் கொடுக்கப் போனார்கள். இவளுடைய முன்னோர்கள் கூலிக்கு வந்தார்கள். தப்பு அங்கேதான்."

மென்று முழுங்கியிருக்கலாம். அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா காலிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினார். "வீட்டுல இருக்க விடுங்கன்னதுக்கு மேனேஜரு, பாப்போம் பாப்போம்னே ஆறு மாசம் இழுத்தாக. இவுக ஒரே பேச்சுல சொல்லிட்டாக. நான் சாமான் கட்டுறேன்."

சின்னமனூரில் இறங்கியபோது பிரெஞ்சுக்காரர் கை கொடுத்தார். மோதிரம் என் விரலில் உறுத்தியது. இன்றுவரை அவரை வெறுத்துவிடத்தான் பார்க்கிறேன். அந்த மலையில் அந்த அம்மாவிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பது குறுக்கே வந்து நிற்கிறது.