சாம்பிளை நம்பிக் கட்டிய பணம்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து எடுப்பதுதான் என் வேலை. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் லோடைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான், பைக்கில் மாட்டும் செல்போன் ஹோல்டர்களைச் சீனாவிலிருந்து வரவழைத்து ஆன்லைனில் விற்கக் கிளம்பினேன்.

சாம்பிள் அருமையாக இருந்தது. ஆர்டர் போட்ட இணையதளம் வழியாகக் கட்டினால், சரக்கைப் பார்த்து நான் சரி என்று சொல்லும்வரை பணம் விற்பவர்களுக்குப் போகாது. நேரடியாக அனுப்பினால் விலை குறைப்பதாகச் சொன்னார்கள். முழுப் பணத்தையும் அனுப்பித் தொலைத்தேன்.

வந்த பெட்டிகளைப் பிரித்தால், ஒரு ஹோல்டர்கூட போனை இறுக்கிப் பிடிக்கவில்லை. வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று இணையதளமும் கைவிரித்துவிட்டது.

"கம்பெனில ஒரு போல்ட்ட அத்தன தடவ அளக்கற. நம்ம காசுன்னா மட்டும் கண்ண மூடிக்குவியா?" என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் வேலையில், நான் எடுக்க மறுத்த லோடுக்காக ஒரு சப்ளையர் வந்து நின்றார்.

"மேடம், சாம்பிள நீங்கதான ஓகே பண்ணீங்க?"

"சாம்பிள் வேற, லோடு வேறங்க! பாக்காம எப்படி எடுக்கறது?"

தினமும் சொல்வதுதான். அன்று மட்டும் ஏன் அப்படிக் கத்தினேன் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை புரிந்திருக்காது.