எழுபத்தைந்து கிலோவும் ஒரு படிக்கட்டும்

கல்லூரியில் முதல் ஆண்டு இயற்பியல் பாடத்தில் நான் ஒருமுறை தோற்றவள். இரண்டாம் முறையும் தோற்றால் டிப்ளோமா படிப்பையே விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாம் முறையின் முதல் சோதனைத் தாள் போன வருஷம் ஜூலை மாதம் கைக்கு வந்தது. இருபதுக்கு நான்கு. கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்கக்கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு தண்ணீர் வீணாகிறதே என்று மூடினேன். நான் அப்படிப்பட்டவள். அழுவதைக்கூட இரண்டு தடவை யோசித்துத்தான் செய்வேன்.

என் சபையாருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் கோல சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் அருள் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறார். மகள் அபிக்கு அப்போது ஒன்றரை வயது. அதே ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு டிப்ளோமா வேண்டும். டிப்ளோமாவுக்கு இயற்பியல் வேண்டும். நான் மாட்டிக்கொண்டதோ ஆற்றல் என்ற ஒரே அத்தியாயத்தில்.

ஏன் மாட்டினேன் என்று இப்போது தெரிகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், விளக்கம் பாதி மலாயில் வரும். புரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வேன். ஃபோர்ஸ் என்பதற்குச் சக்தி என்று எழுதினேன். எனர்ஜிக்கும் சக்தி. பவருக்கும் சக்தி. மூன்றும் ஒன்று என்று மனம் முடிவு கட்டிவிட்டது. என் ஜெபமும் அதே மாதிரிதான் இருந்தது. பெலன் தாரும், வல்லமை தாரும், சக்தி தாரும் என்று ஒரே மூச்சில் கேட்பேன். எதைக் கேட்கிறேன் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த மாதம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. எனக்காக ஜெபிக்கச் சொன்னேன். ஜெபித்தார்கள். முடிந்து தேநீர் குடிக்கும்போது, இந்தப் படிப்பு தேவ சித்தம் இல்லையோ என்று ஒரு சகோதரி மெதுவாக ஆரம்பித்தார். பிள்ளை வளரட்டுமே என்றார் இன்னொருவர். கல்யாணத்துக்குப் பிறகு இயற்பியல் எதற்கு என்றும் கேட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஒருவேளை சரியாகத்தான் சொல்கிறார்களோ என்று ஒரு வாரம் குழம்பினேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நானே என் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

நான் கல்லூரிக்குப் போகும் மூன்று நாளும் அபியைப் பார்த்துக்கொள்பவர் ரூபி அக்கா. அருளின் மூத்த சகோதரி, பக்கத்து வீட்டுக்காரர். அன்று வகுப்பில், ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் அந்தச் சுமையின்மேல் நாம் செய்யும் வேலை சைபர் என்று படித்தேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீடு திரும்பியபோது அக்கா அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பல் முளைக்கிற காய்ச்சல், பிள்ளை காலையிலிருந்து கீழே இறங்கவில்லையாம். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, எங்க பாடத்துப்படி நீங்க இப்ப செய்யிற வேலை சைபர்."

அக்கா சிரிக்கவில்லை. "இடுப்பு ஒடியுது. சைபரா?" என்றார். உள்ளேயிருந்து அருள் சிரித்துத் தொலைத்தார். அக்கா பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

"அப்ப வியாழக்கிழமையிலேருந்து உன் சைபர நீயே தூக்கிக்க."

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். கோபமெல்லாம் இல்லை லா என்றார். கதவைப் பாதிதான் திறந்தார். வியாழக்கிழமை செய்முறை வகுப்பு, போகாவிட்டால் மதிப்பெண் கிடையாது. அருளுக்குக் காலை ஷிப்ட். பிள்ளையை விட வேறு வீடு இல்லை.

அன்று மதியம் கொடியில் துணி உலர்த்திக்கொண்டே ஜெபித்தேன். முழங்காலில் நிற்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

"ஆண்டவரே, இது உமது சித்தம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் நீரே என்னிடம் சொல்லும். மற்றவர்களிடம் சொல்லி அனுப்பாதேயும். நீர் சொல்லாதவரைக்கும் நான் போவேன். பிள்ளையோடு போவேன். எனக்கு இந்த ஒரு அத்தியாயத்தைப் புரியவையும்."

வீட்டுக்குள் வந்த பிறகு பயம் வந்தது. ஆண்டவரிடம் இப்படியா பேசுவது? திரும்பக் கொடிக்குப் போய், மன்னியும் என்றேன். ஆனாலும் போவேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அருள் எங்கள் இருவரையும் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். அபியோடு நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு திரும்பிப் பார்த்தது. எல்லாரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். விரிவுரையாளர் மேடம் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, அதிகம் பேசாதவர். அபியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். அன்றைய பாடம் படிக்கட்டு ஏறுவது. ஒவ்வொருவரும் எடை பார்த்துக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும், ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பிள்ளையையும் சேர்த்து நிறுத்துக்கொள் என்றார்.

நான் அறுபத்து நான்கு கிலோ, அபி பதினொன்று. எழுபத்தைந்து என்று எல்லார் முன்னாலும் பலகையில் எழுதினார்கள். எனக்கு உடம்பு கூசியது.

இருபது படி, மூன்று மீட்டர் அறுபது உயரம். ஹாக்கி விளையாடும் ஒரு பெண் நான்கே விநாடியில் ஏறினாள். கைதட்டினார்கள். நான் ஏறும்போது அபி கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பதினெட்டு விநாடி. யாரோ கொட்டாவி விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு கணக்குப் போட்டோம். ஹாக்கிப் பெண்ணின் பவர் நானூற்று ஐம்பத்தொன்பது வாட். என்னுடையது நூற்று நாற்பத்தேழு, வகுப்பிலேயே கடைசி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் அடுத்த வரிசையைக் காட்டினார். அந்தப் பெண் செலவழித்த எனர்ஜி ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு ஜூல். என்னுடையது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது.

"உன் பவர்தான் குறைவு. எனர்ஜி இந்த வகுப்பிலேயே உனக்குத்தான் அதிகம்" என்றார் மேடம். பாராட்டாகச் சொல்லவில்லை, பலகையில் இருந்ததைச் சொன்னார். எவ்வளவு சீக்கிரம் ஏறினாய் என்பது ஒன்று, எவ்வளவு சுமையை எவ்வளவு உயரம் ஏற்றினாய் என்பது வேறொன்று, இரண்டையும் குழப்பாதே என்றார்.

நான் அங்கேயே பென்சிலை எடுத்தேன். பழைய சக்திகளையெல்லாம் அழித்தேன். ஃபோர்ஸுக்கு விசை என்று எழுதினேன். எனர்ஜிக்குப் பெலன். பவருக்கு வல்லமை. இது வேத விளக்கம் இல்லை, போதகர் வேண்டுமானால் திருத்தட்டும். ஆனால் நான் இத்தனை நாளும் என்ன கேட்டேன் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. நான்கு விநாடியில் ஏறும் வல்லமையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெலன் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு விநாடியில், பிள்ளையோடு, அதே மாடிக்கு நானும் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு முடிந்ததும் அந்தச் சைபரைப் பற்றியும் கேட்டேன். பிள்ளையின்மேல் செய்த வேலை சைபர்தான், ஆனால் தசை சும்மா இருக்காது, இறுகி இறுகித் தளரும், சாப்பிட்ட சாப்பாட்டின் எனர்ஜி அங்கே எரிந்து வெப்பமாகப் போகும் என்றார். அதனால்தான் வேர்க்கிறதாம்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன்" என்று மீதியையும் சொன்னேன். அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப வேர்வைக்குக் கணக்கு இருக்கா?"

"இருக்குக்கா. ஒரு சொட்டுகூட விட்டுப்போகாது."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து அபியை வாங்கிக்கொண்டார். "இத முழுசா படிச்சிட்டு வந்து வாயத் தொறந்திருக்கலாம்ல?" என்றார். நியாயம்தான்.

அதன்பிறகு தினமும் அபி மதியம் தூங்கும் இருபது நிமிஷம் மட்டும் படித்தேன். அதற்கு மேல் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லையே என்று அழுவதையும் நிறுத்தினேன். ஆலை பாய்லரில் செம்பனைக் கொட்டை ஓடு எரிந்து, நீர் ஆவியாகி, ஆவி மின்சாரமாகும் வரிசையை அருளிடம் கேட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தேன். வெப்பம் முழுதும் ஆவிக்குப் போய்விடாதா என்றேன். புகைக்கூண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கேள் என்றார்.

நவம்பரில் இறுதித் தேர்வு. வினாத்தாளின் மூலையில் பெலன், வல்லமை, விசை என்று முதலில் எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன். ஒரு கேள்வியைத் தொடவே முடியவில்லை. மற்றவற்றை எழுதினேன். முடிவு வந்தது. பி மைனஸ். தேறினேன்.

சபையில் சொல்லும் சாட்சிக்கு ஏ கிரேடு இருந்தால் நன்றாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆண்டவர் கேள்விகளை லேசாக்கினாரா என்று சபையில் சிலர் கேட்டார்கள். இல்லை. கேள்விகள் கடினமாகத்தான் இருந்தன. அவர் எனக்குப் பதிலாகக் கணக்குப் போடவில்லை. அக்கா முகம் திருப்பிய வாரத்தில், என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே ஏற வேண்டிய படிக்கட்டை என் முன்னால் வைத்தார். அக்கா அன்று அபியை வைத்துக்கொண்டிருந்தால் நான் அறுபத்து நான்கு கிலோவோடு ஏறியிருப்பேன். வகுப்பிலேயே அதிகம் என்ற அந்த வார்த்தை எனக்குக் கிடைத்திருக்காது. இதைத்தான் பதில் என்கிறேன். எனக்கு இது போதும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அக்காவுக்கும் நன்றி, அந்தக் கோபத்துக்கும் சேர்த்து.

இடுப்பில் பிள்ளையோடு எதையாவது படிக்கிற தாய்மார் இதை வாசித்தால் ஒன்று சொல்லுவேன். உங்கள் சுமையை இறக்கிவிட்டு வந்தால்தான் ஏறலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சித்தமா இல்லையா என்று அவரிடமே கேளுங்கள். குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் அவர் கதவைச் சாத்துவதில்லை, நான் பார்த்துவிட்டேன்.

இந்தப் பருவத்தில் இயற்பியல் இரண்டாம் பாகம். மின்சாரம். முதல் வாரமே ஒன்றும் புரியவில்லை. கொடியடியில் நின்று மறுபடியும் கேட்டேன். வேண்டாம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. போகிறேன்.