சார்ஜன்ட் என்னைத் தேடி வந்த நாள்

தினமும் என்னைப் பார்க்கிற ஒரு மனிதர், நான் இந்த வீட்டில் இல்லை என்று எப்படி எழுதினார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் அல்பெர்கேரியா பகுதியின் நகரக் காவலர். ஊர்ப் பழக்கத்தில் நாங்கள் அவரைச் சார்ஜன்ட் என்போம். காலையில் நான் வேலைக்குப் போகும்போது பள்ளிக்கூட வாசலில் வாகனங்களை மறித்துப் பிள்ளைகளைக் கடக்க விடுவார். பிறகு சந்தைக்குப் போய், பாதையை அடைத்திருக்கும் மீன் பெட்டிகளை உள்ளே தள்ளச் சொல்லிக் கத்துவார். அவர் தலை மறைந்ததும் பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்துவிடும். சனிக்கிழமைகளில் என் மகனின் கன்னத்தைக் கிள்ளி, மூச்சு இழுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

வதிவிடப் பதிவுக்கு விண்ணப்பித்தவர்கள் உண்மையாகவே அந்த வீட்டில் இருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பதும் அவருடைய வேலைதான். அந்தப் பதிவு இல்லாமல் மகனுக்குக் குழந்தை வைத்தியர் கிடையாது. இழுப்பு வரும்போதெல்லாம் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில்தான் கிடந்தேன்.

அவர் வந்தபோது நான், சிஞ்ஞோரா என்று இங்கத்தைய வழக்கப்படி மரியாதையாக அழைக்கும் என் முதலாளி அம்மாவின் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எங்களோடு வீட்டைப் பங்கிட்டிருக்கும் மன்னார் அக்காதான் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் பெருமையாகச் சொன்னார்.

"பொலிஸ் வந்தது, பிள்ளை. உன்ரை பேரைச் சொல்லிக் கேட்டது. இவன்ரை வாயிலை பிஸ்கட்டைக் குடுத்துக் குசினிக்குள்ளை இருத்திப்போட்டு, அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டு அனுப்பிப்போட்டன்."

"ஐயோ அக்கா! நான் இருக்கிறனோ எண்டு பாக்கத்தானே அவர் வந்தவர்!"

"அதுக்குத்தானே இல்லையெண்டனான். 'நோ' சொல்லுறதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?"

ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவும் என் கணவர் என்னைத்தான் ஏசினார். "இவ்வளவு படிச்சும், அவவுக்கு முதலே ஒரு சொல்லுச் சொல்லி வைக்க உமக்குத் தெரியேல்லை." சொல்லியிருக்க வேண்டும்தான். அவரும் சொல்லியிருக்கலாமே என்பதை நான் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் சார்ஜன்டைப் பிடித்தேன்.

"என்னை உங்களுக்குத் தெரியாதா?"

"தெருவில் உங்களைத் தெரியும், சிஞ்ஞோரா. வீட்டில் நீங்கள் இல்லையே. கதவைத் திறந்தவர் சொன்னதைத்தான் எழுத முடியும்."

சொல்லிவிட்டுக் கையை உயர்த்தி, ஒரு பேருந்தை மறித்து, என்னைப் பத்திரமாகக் கடக்க விட்டார்.

மறுபடி விண்ணப்பித்தோம். இந்தமுறை என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: ஓம், இருக்கினம், வேலைக்குப் போட்டினம். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஊரிலை ஒருக்கா பொலிஸ் வந்து கேக்கேக்கை அப்பிடித்தான் சொன்னனான். தம்பி உள்ளை இருக்கிறான் எண்டு. விசாரிச்சிட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள்."

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். ஆனால் அவர் மீதிருந்த என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். மகனுக்கு மூச்சு இழுக்கும்போது அந்தத் தம்பியை நான் நினைப்பதில்லை.

சார்ஜன்ட் சொல்லிவிட்டு வருவதில்லை. நான் வேலைக்குப் போகாமல் காத்திருந்தால் சிஞ்ஞோரா வேறு ஆளைப் பிடித்துவிடுவார். கதவைத் திறக்கப் போவது அக்காதான். பொலிஸின் முகத்தைப் பார்த்து "ஓம்" என்று சொல்லச் சொல்லி அவரை வற்புறுத்தலாமா? வற்புறுத்தாமல் விட்டால் நான் என்ன தாய்? இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது ஒரு வழி தெரிந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.