நிறைந்த கேனோடு நின்றவர்

மாத்தளையில் மண்ணெண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. ஒருநாள் எனக்கு முன்னால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் அக்குளில் பைபிளுமாக ஒருவர் நின்றார். எல்கடுவயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவராம். வரிசையிலிருந்த ஒவ்வொரு காலிக் கேன் மீதும் கைவைத்து, கண்மூடி ஜெபித்தார். நாங்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருக்க, அவர் முகத்தில் மட்டும் அப்படியொரு அமைதி.

வரிசை நகர்ந்தபோது அவருடைய கேனைத் தூக்கி வைக்கப் போனேன். கனத்தது. கழுத்து வரை எண்ணெய் இருந்தது.

"இதான் நெறஞ்சிருக்கே, பின்ன ஏன் நிக்கிறீங்க?"

"முந்தாநாளே கெடைச்சிருச்சு அண்ணே. ஆனா வீட்டுல இருந்தா பயமா இருக்கு. இங்க வந்து நாலு பேருக்காக ஜெபிச்சாத்தான் நிம்மதி."

எங்கள் முறை வருமுன்னே எண்ணெய் முடிந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் எண்ணெயில் பாதியை என் கேனில் ஊற்றிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மிச்சப் பாதிக்காக மறுநாளும் போனேன். அதே மனிதர் பாதிக் கேனுடன், எண்ணெய் கொண்டுவரும் பவுசர் வண்டி வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஜெபம் இல்லீங்களா?"

"எங்க அண்ணே! வீட்டுல அவ ஏசிட்டா. எனக்கே தேவைன்னு வந்ததும் ஒரு வசனமும் வாயில வரமாட்டேங்குது. இன்னைக்கு நீங்க ஜெபிங்க."

நெற்றியில் அம்மன் கோயில் திருநீறோடு அவருடைய கேன் மீது கைவைத்தேன். ஒன்றும் சொல்லத் தெரியாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, "ஆமென்!" என்று அவரே உரக்கச் சொன்னார்.

கண் திறந்தேன். பவுசர் வரவில்லை. அவர் முகத்தில் நேற்றைய அமைதி திரும்பியிருந்தது. பின்னால் நின்ற நாலு பேர் தங்கள் கேன்களை என் காலடிக்குத் தள்ளினார்கள்.