சுள்ளியா மச்சான் சொல்லிக் காட்டிய கன்னடப் படம்

அந்தப் பையைத் திறந்ததும் எங்கள் காம்பரா அறை முழுக்க ஒரு புது வாசம்... புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாசமாம். தேயிலை வாசத்திலேயே பிறந்து வளர்ந்த என் மூக்குக்கு அது பிடிபடவே இல்லை.

பையோடு வந்தவர் சேகர் மச்சான். அப்பாவின் தங்கச்சி மகன். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. யுத்தம் முடிந்த புதிது. நான் ஓ எல் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். வேலைவெட்டி இல்லாத ஆள், அதனால் வீட்டு விஷயம் ஒன்று விடாமல் மோப்பம் பிடிப்பேன்.

அத்தை தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் போனவர். கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறியபோது, ஜன்னல் வழியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

"அண்ணே, எனக்குப் பையன் பொறந்தா ஒன் பொண்ணத்தான் கட்டி வைப்பேன். இல்லாட்டி நம்ம ஒறவு அத்துப் போயிரும்."

அப்போது அப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை! பிறக்காத பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசிய ஆட்கள் நாங்கள்.

பிற்பாடு பிறந்த அந்தப் பெண்தான் என் அக்கா சாந்தி. மச்சான் வந்ததே அவளைப் பார்த்துப் பேசி முடிக்கத்தான்.

அக்காவுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா... அதைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வாரம் முழுக்க எனக்கு உத்தியோகம். அவருக்கு ஊற்றும் பிளேன்டீயில் மட்டும் இஞ்சி தட்டிப் போட்டாள். ஆனால் அவர் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பமாட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியான மழை. மச்சான் பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தார்.

"கன்னடப் படம் மாமா. லவ் படந்தான், ஆனா கடைசில சோகம். நான் சொல்லிச் சொல்லி வாறேன், நீங்க பாருங்க."

அம்மா, அப்பா, பக்கத்துக் காம்பரா ராசம்மா பெரியம்மா, நான் எல்லோரும் டிவி முன்னால். மச்சான் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலில். அக்கா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

கதாநாயகன் லொறி ஓட்டுபவன். கதாநாயகி பாக்குத் தோட்டக்காரர் மகள். மலை, மழை, பனிமூட்டம்...

"நம்ம பொகவந்தலாவை மாதிரியே இருக்கே!" என்று அம்மா வாயைப் பிளந்தார். எனக்கும் அதிசயம்தான். ஊர் நம்ம ஊர், பேச்சு மட்டும் புரியவில்லை. "இப்ப என்னா சொல்றாங்க மச்சான்?" என்று அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

பாதிப் படத்தில் ஒரு பஸ் ஸ்டாண்ட். இருவரும் ஒரே பெஞ்சில், வெளியே மழை. மச்சான் ஸ்டூலில் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவன் சொல்றான்... பெரியவங்க நமக்குன்னு வாக்குக் குடுத்துட்டாங்க. ஆனா எனக்கு ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு. என்னைய நம்பிக் காத்துக்கிட்டு இருக்கு. நான் வேணாம்னு சொன்னா எங்கம்மா தாங்காது. நீ சொல்லிருவியான்னு கேக்குறான்."

"அட பாவி!" என்றார் ராசம்மா பெரியம்மா.

அடுப்படி வாசலிலிருந்து அக்கா கேட்டாள். "அதுக்கு அந்தப் பொண்ணு என்னா சொல்லுது?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார் மச்சான்.

அப்புறம் பார்த்தால், அதே கதாநாயகன் அதே பெண்ணைத் தேடி லொறியில் பறக்கிறான். காய்ச்சலில் அவள் செத்துப்போக, வாசலில் விழுந்து கதறுகிறான். வேறு பெண் இருக்கிறாள் என்றவன் ஏன் இப்படி அழவேண்டும்? மச்சானிடம் கேட்டேன். "அது அப்புடித்தான்" என்று மழுப்பிவிட்டார். அந்தக் கேள்வி என் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அக்கா அப்பாவிடம் சொன்னாள்.

"எனக்கு அந்த ஊரு ஒத்துக்காதுப்பா. நான் இந்தியாவுக்குப் போகல."

வீடு இரண்டுபட்டது. "எந்தக் காலத்து வாக்குன்னு தெரியுமாடி?" என்று அப்பா கத்தினார். அத்தை போனிலேயே ஒப்பாரி வைத்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு ஊர் திரும்பினார். அப்பா ரொம்ப நாள் அக்காவோடு பேசவில்லை. அடுத்த வருஷமே மச்சான் அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டபோது, "பாவம், மனசு ஒடைஞ்சுதான் அவசரப்பட்டுட்டான்" என்று அதற்கும் அக்காவுக்குத்தான் திட்டு.

போன மாசம் யூடியூபில் சும்மா தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த லொறி கண்ணில் பட்டது. அதே படம்! கீழே சப்டைட்டில் வேறு. விடுவேனா? நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

மழை பெய்கிறது. இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒரு எழுத்தும் வரவில்லை. பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். அந்த இடத்தில் யாரும் எதுவுமே பேசவில்லை.

டிக்கோயாவில் புருஷன் பிள்ளைகளோடு இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா... மச்சான் சொன்ன பேச்சு அந்தப் படத்துலயே இல்ல!"

அக்கா சிரித்தாள். "தெரியும்டி. நீங்க எல்லாம் கதை சொல்ற ஆளோட மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் டிவியப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஹீரோ வாயே தெறக்கல."

"அப்ப நீ ஏன் யாருக்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அத்தைக்கு அவர் மேலதானே கோவம் வரும்."

அந்த வாரம் முழுக்கக் கண்டுபிடிக்க முடியாததை, இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேவிட்டேன். "ஒனக்கு அவரப் புடிச்சிருந்துச்சா?"

"படம் முடிஞ்சதும் எல்லாரும் அழுதீங்கல்ல... எனக்கு அது வசதியாப் போச்சு."

இப்போது எந்த மொழிப் படத்துக்கும் கீழே எழுத்து ஓடுகிறது, யாரும் யாருக்கும் கதை சொல்லத் தேவையில்லை. ஆளுக்கொரு போனும் ஹெட்செட்டுமாகத் தனித்தனியே உட்கார்ந்து பார்க்கிறோம். அன்றைக்கு அக்காவிடம் யாருமே ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நான் அழுதபோது, என் வீட்டில் எல்லோரும் வந்து கேட்டார்கள்.