உப்புக் காத்து மேல போட்ட பழி

எங்க மரக்காணத்துல எது கெட்டாலும் உப்புக் காத்து மேலதான் பழி. வாசல் இரும்பு கேட்டு துருப்புடிச்சாலும் அதுதான், ஃபேன் நின்னாலும் அதுதான். 2005ல எங்க வீட்டு கம்ப்யூட்டர் படுத்தப்பவும் அதையேதான் சொன்னாங்க. நானும் நம்பித் தொலைச்சேன்.

கல்யாணமாகி வந்த பிறகும் நான் பாண்டிச்சேரிக்கு பஸ்ல போய் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படிச்சிட்டிருந்தேன். ப்ராஜெக்ட் முழுசும் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துது. திங்கக்கிழமை பிரிண்ட் எடுத்து பைண்ட் போட்டுக் குடுக்கணும். வியாழக்கிழமை மெஷினை ஆன் பண்ணா, திரை வர்றதுக்குள்ள சோறு வடிச்சிடலாம். ஃபைலைத் திறக்கப் போனா அப்படியே நின்னு போச்சு. ஃப்ளாப்பியில காப்பி பண்ணவும் விடல.

மெக்கானிக் வந்து மூடியைக் கழட்டிப் பார்த்தாரு. "போர்டை உப்புக் காத்து அரிச்சிடுச்சுங்க. சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன், பத்து நாள் ஆகும்"னாரு. பத்து நாளா! காலேஜ்ல என் ப்ராஜெக்டைப் பார்த்துக்கிற சாருக்கு போன் பண்ணி அழுதேன். "ஒரு நாள்கூடத் தள்ள முடியாதும்மா, அடுத்த வருஷம் பார்த்துக்க"ன்னு சொல்லிட்டாரு. என் கொழுந்தன் வேற, "ஜன்னலைத் திறந்து வெக்காதீங்கன்னு சொன்னேன்ல அண்ணி?"ன்னு என் மேலயே பாய்ஞ்சான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

வெள்ளிக்கிழமை காலையில ஸேஃப் மோடுல ஆன் பண்ணிப் பார்த்தேன். ரொம்ப அவசியமான ப்ரோக்ராம் மட்டும் ஓடுற மோடு அது. அடடா, மெஷின் துள்ளிக்கிட்டு வந்துது! போர்டை உப்பு அரிச்சிருந்தா இப்ப மட்டும் எப்படி ஓடும்?

மறுபடி சாதாரணமா ஆன் பண்ணி, என்னென்ன கூடவே எழுந்து வருதுன்னு உட்கார்ந்து பார்த்தேன். ஒண்ணில்ல, மூணு ஆன்ட்டிவைரஸ்! ஒண்ணு மெஷினோட வந்தது. மத்த ரெண்டும் கொழுந்தன் சிடியில கொண்டாந்து போட்டது. நான் ஒரு ஃபைலைத் தொட்டா மூணும் ஒரே நேரத்துல அதைப் பிடிச்சு சோதிக்குது. போதாததுக்கு ஒண்ணு இன்னொண்ணையே வைரஸ்னு சொல்லுது.

"எதுக்குப்பா மூணு?"ன்னு அவனைக் கேட்டேன்.

"ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிக்கும் அண்ணி. சேஃப்டிக்குத்தான்."

"நல்லா பிடிச்சுது போ! மூணு வாட்ச்மேனும் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிச்சிட்டு வாசல்லயே நிக்கிறானுங்க. வீட்டுக்காரி உள்ள போக முடியல."

"வேணாம் அண்ணி, வைரஸ் வந்துடும்"னு அவன் கத்தக் கத்த, அவன் போட்ட ரெண்டையும் எடுத்துத் தள்ளினேன். அதுக்கே மத்தியானம் ஆயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணேன். ப்ராஜெக்ட் ஃபைலை க்ளிக் பண்ணா, படக்குன்னு திறந்துது! ஒரு பக்கம் குறையல. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. சனிக்கிழமை வந்த மெக்கானிக்கைக் கொழுந்தனே திருப்பி அனுப்பிட்டான்.

திங்கக்கிழமை பைண்ட் போட்ட ப்ராஜெக்டை சார் மேஜை மேல வெச்சேன். அவர் புரட்டிப் பார்த்துட்டு, "கம்ப்யூட்டர் போச்சுன்னு அழுதியே, யாரும்மா சரி பண்ணாங்க?"ன்னு கேட்டாரு.

"நான்தான் சார்"னேன்.